பட்டறை வரலாறு – 17: சவரக்கத்தியின் வால்

திருவண்ணாமலைக் கோயிலில் முடி காணிக்கை செலுத்தும் இடம். காலை ஏழு மணி. தாய்மாமன் மடியில் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருக்கிறது. தலையில் தண்ணீரைத் தடவி ஊறவைத்துவிட்டு, முடி எடுக்கும் பெரியவர் புது பிளேடு ஒன்றை எடுக்கிறார். காகித உறையைப் பிரிக்கவில்லை. உறையோடு நீளவாக்கில் மடிக்கிறார். டக். பிளேடு இரண்டாகிவிட்டது. ஒரு பாதியைக் கத்தியின் வாயில் செருகி, மறு பாதியைக் காகிதத்திலேயே சுற்றி ஓரமாக வைக்கிறார். மடங்கியிருந்த கத்தி விரிகிறது. அதன் அடியில் வால்போல வளைந்த ஒரு நீட்டம் இருக்கிறது. சுண்டுவிரல் அதன்மேல் போய் உட்கார்கிறது. அதற்குப் பிறகு அந்தக் கத்தி அசையவில்லை. கை மட்டும்தான் அசைந்தது.

மொட்டை முடிந்து சந்தனம் பூசியான பிறகு, அந்த வால் எதற்கு என்று கேட்டேன்.

“கத்தின்னா மடங்கணும் தம்பி. இல்லாட்டி பையில வெச்சிக்க முடியாது. தலையில வெச்சதுக்கப்புறம் மடங்கக் கூடாது. அதுக்குத்தான் இந்த வாலு. விரலால அமுக்கிப்பேன்.”

மடக்குக் கத்திக்கு உலகமெங்கும் எழுதப்பட்ட காப்புரிமைகளை எடுத்துப் பாருங்கள். அவற்றில் பலவும் இந்த ஒரு வாக்கியத்துக்குச் சொல்லப்பட்ட பதில்தான். மடங்கவும் வேண்டும், மடங்கவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கருவியை நிறுத்துவது எப்படி? பேட்டன்ட் என்று பட்டறைகளில் சொல்கிறோமே, அந்தக் காப்புரிமை எதைக் காக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. சென்ற இதழ்களில் பூட்டையும் தராசையும் பார்த்தோம். இந்த இதழ் மடங்கும் கத்திக்கு.

மடக்குக் கத்தி மிகப் பழையது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பகுதியில் எலும்புப் பிடி போட்ட மடக்குக் கத்தி ஒன்றை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 2,500 ஆண்டுப் பழமை அதற்கு. ரோமானியர்களும் வைத்திருந்தார்கள். அந்தக் கத்திகளில் ஆணி இருக்கும், பிடி இருக்கும், விரித்த அலகை நிறுத்திவைக்க மட்டும் ஒன்றும் இருக்காது. பிறகு பிடியின் முதுகில் எஃகுப் பட்டையை ஸ்பிரிங்காக வைக்கக் கொல்லர்கள் கற்றார்கள். அலகின் அடிக்கட்டையைச் சதுரமாகத் தட்டி, அதன்மேல் பட்டை அழுந்தும்படி செய்தார்கள். என் அப்பா வெற்றிலைப் பையில் வைத்திருந்த கொம்புப் பிடிக் கத்தி அந்த வகைதான். பாதி திறந்தால் கை நடுங்கும். முழுக்கத் திறந்தால் ‘டக்’ என்று தானே நிமிரும். கொட்டைப்பாக்கைப் பிளக்கும்போது மட்டும், விரலைக் கொஞ்சம் எட்டவே வைத்துக்கொள்வார். ஸ்பிரிங்கை அவர் முழுதாக நம்பியதில்லை.

சுவிட்சர்லாந்தின் இபாக் கிராமத்தில் 1884-இல் பட்டறை தொடங்கினார் கார்ல் எல்செனர். 1891-இல் அந்நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். அவர் உண்மையாகச் செய்த வேலை அதற்குப் பிறகு வந்தது. ஒரே முதுகு ஸ்பிரிங்கைப் பிடியின் இரு பக்கக் கருவிகளுக்கும் பொதுவாக வேலை செய்ய வைத்தார். ஸ்பிரிங் ஒன்று, கருவிகள் இரு மடங்கு. எடை கூடவில்லை. ராணுவ அதிகாரிகளுக்கான அந்தக் கத்தியை 1897 ஜூன் 12 அன்று பதிவு செய்து சட்டக் காப்பு பெற்றார். உலகம் ‘சுவிஸ் கத்தி’ என்று சொல்வது இதன் வாரிசுகளைத்தான். பிரான்சில் ஜோசப் ஒபினெல் 1890-இல் மரப்பிடிக் கத்தி செய்தார். அதே குடும்பத்து மார்செல் ஒபினெல் 1955-இல் பிடியின் கழுத்தில் ஒரு உலோக வளையத்தைப் போட்டார். வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். 65 ஆண்டுகள் விற்ற கத்திக்கு ஒரு வளையம்! அமெரிக்காவின் டிம் லெதர்மேன் 1975-இல் பழைய ஃபியட் காரில் ஐரோப்பா சுற்றியபோது, கார் மக்கர் செய்யும்போதெல்லாம் பையிலிருந்த கத்தியில் ஒரு கட்டிங் பிளேயரும் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார். காப்புரிமை கிடைத்தது 1980-இல். சரக்கு விலைபோனது 1983-இல்தான்.

இவர்களில் யாரும் கத்தியைக் கண்டுபிடிக்கவில்லை. மடக்குவதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒருவர் ஸ்பிரிங்கை இரு பக்கத்துக்கும் பொதுவாக்கினார், ஒருவர் வளையம் போட்டார், ஒருவர் குறடை மடக்கினார். சட்டம் காத்தது அந்தச் சிறு மாற்றத்தைத்தான்.

இனி நம் பெரியவர் ஒடித்த பிளேடுக்கு வருவோம். நாவிதரின் பழைய சவரக்கத்தி கனமான எஃகு. தோல் வாரிலும் உள்ளங்கையிலும் தீட்டித் தீட்டிக் கூர் ஏற்றுவார்கள். கிங் ஜில்லெட் என்ற அமெரிக்கர் 1895-இல் வேறு மாதிரி யோசித்தார். கூர் இருக்கும் ஓரம் மட்டும் போதுமே, மற்ற எஃகு எதற்கு? காகிதம்போல ஒரு தகடு, கூர் போனால் எறிந்துவிடலாம். அவ்வளவு மெல்லிய எஃகைப் பதம் பிடிக்க முடியாது என்று விவரம் தெரிந்தவர்கள் கைவிரித்தார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதைச் செய்து காட்டினார். 1904 நவம்பர் 15 அன்று வந்த 7,75,134-ஆம் எண் அமெரிக்கக் காப்புரிமையின் சாரம் இது: தகடு தனியாக இருந்தால் வளையும், பிடிக்குள் வைத்து இறுக்கினால் விறைக்கும். மறுபடியும் அதே கேள்விதான். வளையவும் வேண்டும், வேலை செய்யும்போது வளையவும் கூடாது. கடைக்கு வந்த 1903-இல் விற்றவை 51 ரேசர், 168 பிளேடு. மறு ஆண்டு 90,884 ரேசர், 1,23,648 பிளேடு.

திருவண்ணாமலைப் பெரியவரின் கையில் இருப்பது இந்த இரண்டு மரபும் கலந்த கருவி. மடங்கும் பிடி பழைய சவரக்கத்தியுடையது. ஒடித்துச் செருகிய பாதித் தகடு ஜில்லெட் வழியில் வந்தது. தலைக்கொரு பிளேடு என்ற சுத்தமும் அதனால்தான் கைகூடியது.

இந்த வரிசையில் ஒரு தமிழர் இருக்கிறார். கோவை ஜி.டி. நாயுடு. அவரை ‘இந்தியாவின் எடிசன்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவது நம் பத்திரிகைகளின் பழக்கம். அந்தப் பட்டம் அவருக்கு நியாயம் செய்யவில்லை என்பது என் கருத்து. அவர் சிந்தித்த விதத்தை அது மறைத்துவிடுகிறது.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவையை அடுத்த கலங்கலில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதை வாங்கியே தீருவது என்று கோவைக்கு வந்து ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்து காசு சேர்த்தார். வாங்கினார். அடுத்து அவர் செய்ததைத்தான் கவனிக்க வேண்டும். ஊர் சுற்றுவதற்கு முன், வண்டியை அக்கக்காகக் கழற்றித் தரையில் பரப்பி, மறுபடி பூட்டினார். கழற்றிப் பூட்டுவதுதான் அவர் படித்த கல்லூரி.

1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கிப் பொள்ளாச்சி–பழனி தடத்தில் தாமே ஓட்டினார். பணம் கொடுத்து உதவியவர் கோவையின் வெள்ளைக்காரத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் துரை. அந்த ஒரு பஸ் வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆனது. பஸ் கம்பெனி நடத்தியவர் பஸ்ஸோடு நிற்கவில்லை. பழுது பார்க்கும் பட்டறை வளர்ந்தது, பட்டறையிலிருந்து கருவிகள் வந்தன. 1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் வந்து கோவைக்கு மின்சாரம் பாய்ந்ததும், ஆலைகளுக்கும் கிணறுகளுக்கும் மோட்டார் தேவைப்பட்டது. எல்லாம் சீமையிலிருந்து இறங்கிய சரக்கு. 1937-இல் நாயுடுவும் கோவைத் தொழில்முனைவர் டி. பாலசுந்தரமும் சேர்ந்து நம் நாட்டிலேயே மின்மோட்டாரைச் செய்தார்கள். இன்று கோவை மோட்டார் இல்லாத கிணறு திருவண்ணாமலைப் பக்கத்தில் உண்டா?

நம் கதைக்கு வேண்டியது அவருடைய ‘ரசாந்த்’. ஜெர்மனியின் ஹைல்புரோன் நகரத்து நிறுவனம் ஒன்று தயாரித்த சவரக் கருவி. அமெரிக்காவில் ஜேக்கப் ஷிக் மின்சார ரேசருக்கு 1930-இல் காப்புரிமை வாங்கி, மறு ஆண்டு விற்கத் தொடங்கியிருந்தார். அதற்குச் சுவரில் பிளக் வேண்டும். நாயுடுவின் கருவிக்கு அது வேண்டாம். கைக்கடக்கமான கூட்டுக்குள் சிறு மோட்டார், அதை ஓட்ட டார்ச் லைட்டில் போடுவது போன்ற பேட்டரி. நம் கிராமங்களில் மின்கம்பமே எட்டிப்பார்க்காத காலம் அது. பிளக் இல்லாத வீட்டிலும் ஓடும் ரேசர் என்ற எண்ணம், அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனுக்குத்தான் முதலில் தோன்றும். மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி ஒன்றையும் அவர் செய்தார் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அதிமெல்லிய சவர பிளேடு, பழரசம் பிழியும் கருவி, திரைப்படக் கேமராவுக்குத் தூரம் சரிசெய்யும் சாதனம், தில்லுமுல்லு செய்ய முடியாத வாக்குப்பதிவு எந்திரம் என்று பட்டியல் நீளும்.

ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குக் கொடுக்க முடியும் என்று 1941-இல் அறிவித்தார். 1952-இல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார், விலை 2,000 ரூபாய். அரசு உரிமம் கொடுக்கவில்லை. கார் நின்றுபோனது. அவருடைய பிளேடை இன்று எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

எனக்கு ஆறாத வருத்தம் இதில்தான். அவர் தோற்றதாக நான் நினைக்கவில்லை. நாடு அவரைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை. 1945-இல் கோவையில் அவர் முயற்சியில் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்விக்கூடம் எழுந்தது. அந்த வழியில் வந்த பொறியியல் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பொறியியல் படிப்பை நான்கு ஆண்டு இழுக்க வேண்டியதில்லை, பட்டறையோடு சேர்த்தால் இரண்டே போதும் என்று அவர் வாதாடினார். அதையும் அரசு ஏற்கவில்லை. 1974 ஜனவரி 4 அன்று அவர் காலமானார். கோவை அவினாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு 2025 அக்டோபரில் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.

அந்தக் காலத்துக் காப்புரிமைச் சட்டம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் நாயுடு எந்தக் களத்தில் நின்றார் என்பது விளங்கும். இந்தியாவின் முதல் சட்டம் 1856-இல் கல்கத்தாவில் வந்தது. அதன்கீழ் முதல் தனியுரிமை பெற்றவர் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற சிவில் என்ஜினீயர். கண்டுபிடிப்பு, பங்கா இழுக்கும் எந்திரம். துரைமார் தலைக்கு மேல் தொங்கும் துணி விசிறியை வெளியே உட்கார்ந்து கயிற்றால் இழுத்துக்கொண்டே இருக்க ஒரு கூலியாள் இருப்பாரே, அவர் வேலையைச் செய்யும் எந்திரம். 1856 செப்டம்பர் 2 முதல் 14 ஆண்டு உரிமை கிடைத்தது. டிபென்னிங் பெயரிலான காப்புரிமை நிறுவனம் இன்றும் சென்னையில் இயங்குகிறது.

நாயுடு காலத்தில் இருந்தது 1911-ஆம் ஆண்டுச் சட்டம். சுதந்திரத்துக்குப் பிறகு அதை ஆராயும் பொறுப்பு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ராஜகோபால ஐயங்காரிடம் வந்தது. 1959-இல் அவர் கொடுத்த அறிக்கை ஒரு கசப்பான உண்மையைச் சொன்னது. இந்தியக் காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டார் கையில் இருந்தன. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்தியாவில் செய்யப்படவே இல்லை. தாமும் செய்யமாட்டார்கள், இங்குள்ளவரையும் செய்யவிடமாட்டார்கள். ஒரு தமிழ் நீதிபதியின் அந்த அறிக்கைதான் 1970-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அடித்தளம். 1972 ஏப்ரல் 20 அன்று அது நடைமுறைக்கு வந்தது. நமக்கு இப்போதும் அதுதான் சட்டம், இடையில் வந்த திருத்தங்களோடு.

சிறு மாற்றத்தைச் சட்டம் காக்கும் என்றேன். எல்லாச் சிறு மாற்றத்தையும் காக்காது. பாத்திரங்களை லேத்தில் பிடித்துக் கடைவதற்கான அமைப்புக்கு உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் நிறுவனம் ஒன்று 1951 முதல் செல்லும் காப்புரிமையை வாங்கியது. பாத்திரம் சுழலும்போது பிடி நழுவித் தெறிக்கும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்க எதிர்ப்புறத்திலிருந்து ஒரு தண்டால் அழுத்திப் பிடித்தார்கள். வேறொரு பட்டறை அதையே செய்ய, வழக்கு அலகாபாத் போனது. ஒரு நீதிபதி காப்புரிமையை ரத்து செய்தார், மேல்முறையீட்டு அமர்வு திருப்பிக் கொடுத்தது, 1978 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் ரத்து செய்தது. லேத்து வேலை தெரிந்த எவருக்கும் தோன்றக்கூடிய மாற்றம் இது, பட்டறைக்காரனின் கைத்திறமைக்கு மேல் இதில் ஒன்றுமில்லை என்பது தீர்ப்பின் சாரம். காப்புரிமைக்கு உரிய காலம் முடிந்தே பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் அந்தத் தீர்ப்பைத்தான் இன்றுவரை வழக்குகளில் எடுத்துக் காட்டுகிறார்கள்.

தோன்றக்கூடியது எது, தோன்றாதது எது? இந்தக் கேள்வியோடு திருவண்ணாமலைக்கே திரும்பலாம். இந்த ஊர்ப் பள்ளி மாணவியாக இருந்த வினிஷா உமாசங்கர், பள்ளி விட்டு வரும் வழியில் இஸ்திரிக்காரர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்தார். நாம் எல்லோரும் பார்த்ததுதான். பன்னிரண்டு வயதில் அவருக்கு வேறொன்று தோன்றியது. சூரியத் தகடுக் கூரை போட்ட மிதிவண்டி இஸ்திரி வண்டி. ஐந்து மணி நேர வெயில் ஏறினால் ஆறு மணி நேரம் துணி தேய்க்கலாம். மழை நாளில் மின்சாரத்திலும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். குஜராத்திலுள்ள தேசிய புத்தாக்க அமைப்பு அவரது யோசனைக்கு 2019-இல் விருது கொடுத்தது, முழு அளவில் வண்டியும் செய்து பார்த்தது. 2020-இல் சுவீடனின் குழந்தைகள் பருவநிலைப் பரிசு, 2021-இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்று. அந்த நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார். ஆள் இருந்தால் மட்டும் சுழலும் மின்விசிறி ஒன்றையும் அவர் வடிவமைத்திருக்கிறார். டிபென்னிங்கின் பங்கா எந்திரத்தை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். விசிறிக் கண்டுபிடிப்புகளின் கதையில் ஒரு பக்கத்தில் கல்கத்தா என்ஜினீயர் இருக்கிறார், இன்னொரு பக்கத்தில் நம் ஊர்ப் பெண்.

வினிஷாவுக்கு ஓர் அமைப்பு துணை நின்றது. பட்டறைகளில் இருப்பவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? எனக்குத் தெரிந்த வெல்டிங்காரர் ஒருவர், மல்லாட்டை (நிலக்கடலை) உடைக்கும் கைமெஷினில் சல்லடைக்கும் அழுத்தும் கட்டைக்கும் உள்ள இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும்படி ஒரு ஸ்பிரிங் வைத்தார். சிறு காயும் பெருங்காயும் கலந்து போட்டாலும் பருப்பு உடையவில்லை. மகிழ்ச்சியில் செல்போனில் வீடியோ எடுத்துப் பரப்பினார். ஆறு மாதத்தில் வேறு ஊர்களில் அதே ஸ்பிரிங்கோடு மெஷின் விற்பனைக்கு வந்துவிட்டது. “போனாப் போகுது சார், நாலு பேருக்கு உதவுதே” என்றார். அவர் பெருந்தன்மை பெரிது. அவர் பிள்ளைகளின் படிப்புச் செலவும் பெரிது.

அவர் விண்ணப்பித்திருந்தால் காப்புரிமை கிடைத்திருக்குமா என்பதை ஆய்வாளர்கள்தான் சொல்ல வேண்டும். கேட்கும் வாய்ப்பே கைநழுவியது என்பதுதான் சங்கடம். ஊரறியக் காட்டிய பொருள் சட்டத்தின் கண்ணில் புதியது ஆகாது.

செங்கம் ரோட்டிலும் போளூர் ரோட்டிலும் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கருவியில் புதிதாக ஏதாவது தோன்றினால், யாருக்கும் காட்டுவதற்கு முன் தாளில் எழுதுங்கள். எந்த இடத்தில் என்ன மாற்றினீர்கள், முன்பு எப்படி இருந்தது, இப்போது என்ன நடக்கிறது என்று படத்தோடு எழுதித் தேதி போடுங்கள். அதைத் தற்காலிக விவரக் குறிப்பாகத் தாக்கல் செய்யலாம். முழு விவரம் கொடுக்கப் பன்னிரண்டு மாதம் அவகாசம் உண்டு. தனிநபர் இணையத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய். பரிசோதனைக் கட்டணம் பிறகு தனியாக வரும். தமிழ்நாட்டுக்கான காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.